இந்த வயதிலா பார்க்கின்சன்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பார்க்கின்சன் நோய் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பவர்கள் எழுதிய கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். என்ன நோய் என்றே தெரியாமல் வருஷக்கணக்கில் அலைவது பெரும்பாலும் இவர்கள்தான். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரும் இல்லை.

கேள்வி: எனக்கு 38 வயது. இரண்டு வருஷமாக வலது தோள்பட்டை வலி. ஃப்ரோசன் ஷோல்டர் என்றார்கள், பிசியோதெரபி செய்தேன், வலி குறைந்தது, ஆனால் கை பழையபடி வரவில்லை. கையெழுத்து சின்னதாகிவிட்டது. காலையில் நடக்கும்போது வலது காலின் விரல்கள் தானாகச் சுருண்டு இழுத்துக்கொள்கின்றன. முகத்தில் சிரிப்பே இல்லை என்று கணவர் சொன்னதால் மனநல மருத்துவரிடம் போய் மனச்சோர்வுக்கு மாத்திரையும் சாப்பிட்டேன். எம்.ஆர்.ஐ. நார்மல். இப்போது ஒரு நரம்பியல் டாக்டர் பார்க்கின்சனாக இருக்கலாம் என்கிறார். எனக்கு நடுக்கமே இல்லையே டாக்டர், யாரை நம்புவது?

பதில்: கடிதத்தைப் படித்து நோயை உறுதி செய்ய முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்ததும் அந்த நரம்பியல் மருத்துவருக்கு ஏன் சந்தேகம் வந்தது என்று எனக்குப் புரிகிறது. தோள், கையெழுத்து, கால்விரல், முகம் என்று நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கும் நான்கும் ஒரே கதையின் பகுதிகளாக இருக்கலாம். தோளைப் பார்த்தவர் தோளை மட்டும் பார்த்தார், மனதைப் பார்த்தவர் மனதை மட்டும் பார்த்தார், கால்விரல் இழுப்பதை நீங்கள் யாரிடமும் சொல்லியிருக்கவே மாட்டீர்கள், தோள் வலிக்குப் போன இடத்தில் கால்விரலைப் பற்றி யார் பேசுவார்கள்? இளம் வயது பார்க்கின்சன் கண்டுபிடிக்கத் தாமதமாவது பெரும்பாலும் இப்படித்தான்.

முதலில் வயது. 50 வயதுக்கு முன்பே தொடங்குவதை இளம் வயதில் தொடங்கும் பார்க்கின்சன் என்று தனியாகவே பிரித்துச் சொல்கிறோம். அரிது, ஆனால் இல்லாததல்ல. நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 1991-ல் இது உறுதியானபோது முப்பது வயதை ஒட்டித்தான் இருந்தார், அவருக்கு முதல் அறிகுறி சுண்டுவிரலில் ஒரு துடிப்பு, அவ்வளவுதான்.

அடுத்து நடுக்கம். பார்க்கின்சன் என்றாலே கை நடுங்கும் என்று எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதிய கட்டுரையின் தலைப்பே நடுக்கு வாதம் பற்றியதுதான், அதனால் மக்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் இன்று மருத்துவர்கள் பின்பற்றும் விதிப்படி கண்டிப்பாக இருந்தே ஆக வேண்டியது இயக்க மந்தம். அதோடு ஓய்வில் இருக்கும்போது வரும் நடுக்கம் அல்லது தசை விறைப்பு, இரண்டில் ஒன்று இருந்தால் போதும். நடுக்கம் இல்லாமலே வருஷக்கணக்கில் இந்த நோயோடு இருப்பவர்கள் கணிசமானவர்கள்.

இந்த இயக்க மந்தம் என்பது சும்மா மெதுவாகச் செய்வது இல்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக விரித்து, வேகமாகத் தட்டிக்கொண்டே இருக்கச் சொல்வார் மருத்துவர். முதல் நாலைந்து தட்டல் நன்றாகவே விழும். அப்புறம் விரல்களுக்கு நடுவே உள்ள அகலம் குறைந்துகொண்டே வரும், பத்தாவது தட்டலில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் அசையும், நடுவில் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கும். உங்கள் கையெழுத்திலும் இதுவே நடக்கலாம், ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள், முதல் வரியைவிடக் கடைசி வரி சின்னதாக இருக்கிறதா என்று. வலியாலோ மனச்சோர்வாலோ வரும் மந்தத்தில் வேகம் குறையும், ஆனால் அசைவு இப்படிப் படிப்படியாகத் தேய்ந்து போவது பொதுவாக இருக்காது. அதேபோல உங்கள் மணிக்கட்டைப் பிடித்து மடக்கி நீட்டிக்கொண்டே, மறு கையை மேலும் கீழும் ஆட்டச் சொல்வார். அப்போது பிடித்திருக்கும் கையில் இறுக்கம் கூடுகிறதா என்று பார்ப்பார். நடக்கச் சொல்லி, எந்தக் கை வீசாமல் உடம்போடு ஒட்டி நிற்கிறது என்று கவனிப்பார். இதெல்லாம் சில நிமிட வேலைதான், ஆனால் நோயைக் கண்டுபிடிப்பது இங்கேதான், ஸ்கேன் அறையில் இல்லை.

தோள் வலி பார்க்கின்சனின் முதல் அறிகுறியாக வருவது எங்களுக்குத் தெரிந்த விஷயம். கை வீசுவது குறைந்து, தசை விறைத்து, மூட்டு இறுகிப்போகிறது, நோயாளி எலும்பு மருத்துவரிடம் போகிறார். கால்விரல் சுருண்டு இழுப்பதற்கு டிஸ்டோனியா என்று பெயர், இளம் வயதில் தொடங்குபவர்களிடம் இது அதிகம், காலையிலும் கொஞ்ச தூரம் நடந்த பிறகும் வரும். மனச்சோர்வும் பதற்றமும் அசைவுப் பிரச்சினைகளுக்குச் சில வருஷங்கள் முன்னாலேயே வரலாம். ஆகவே மனநல மருத்துவர் சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை, இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். முகபாவம் குறைவது மனதால் மட்டுமல்லாமல் முகத் தசைகளின் மந்தத்தாலும் வரும்.

எம்.ஆர்.ஐ. நார்மல் என்பதை நோய் இல்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பார்க்கின்சனில் மூளையில் டோபமின் என்ற, அசைவுகளுக்குத் தேவையான ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் குறைந்து போகின்றன, அதை வழக்கமான எம்.ஆர்.ஐ. காட்டாது. கட்டி, பக்கவாதம், மூளையில் நீர் கோத்தல் மாதிரி வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அதை எடுப்பது. பார்க்கின்சன் நோயாளியின் எம்.ஆர்.ஐ. நார்மலாக வருவதுதான் வழக்கம்.

அந்த நரம்பியல் மருத்துவரை விட்டுவிடாதீர்கள். முடிந்தால் அசைவுக் கோளாறுகளில் சிறப்புப் பயிற்சி பெற்ற நரம்பியல் நிபுணரிடம் ஒருமுறை காட்டுங்கள். போகும்போது காலையில் விரல் சுருளுவதை செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், டாக்டர் முன்னால் உட்காரும்போது அது வரவே வராது. மூன்று நாலு வருஷத்துக்கு முன்னால் எழுதிய ஏதாவது ஒரு தாளும், நடப்பது தெரிகிற பழைய வீடியோவும் கிடைத்தால் இன்னும் நல்லது. மலச்சிக்கல் இருக்கிறதா, வாசனை தெரிவது குறைந்திருக்கிறதா, தூக்கத்தில் கை கால் உதைத்துக் கத்துகிறீர்களா என்று கணவரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், இந்த மூன்றையும் நோயாளிகள் தாமாகச் சொல்வதே இல்லை. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் விறைப்பு கூடுகிறது என்றால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள், பல பெண்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள், கேட்கப்படாததால் சொல்வதில்லை.

கேள்வி: வயது 45. அசிடிட்டி, வயிறு உப்புசம் என்று ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரு கேப்ஸ்யூல் சாப்பிடுகிறேன். தலைசுற்றலுக்கும் தனியாக ஒரு மாத்திரை. ஆறு மாதமாக இரண்டு கையும் நடுங்குகிறது, நடை தளர்ந்துவிட்டது. பார்க்கின்சன் என்று மருந்து தொடங்கிவிட்டார்கள். சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பதில்: தயவுசெய்து இந்த வாரமே அந்த மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போய் உங்கள் டாக்டர் மேஜையில் வையுங்கள்.

சில மருந்துகள் மூளையில் டோபமின் வேலை செய்யும் இடத்தை அடைத்துவிடும். அப்போது மந்தம், விறைப்பு, நடுக்கம் எல்லாம் அச்சு அசலாக பார்க்கின்சன் போலவே வரும். மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலான்சபின் போன்றவை இதில் பெயர் போனவை, அவற்றைத் தருகிற மருத்துவர்களுக்கும் இது தெரியும். கவனத்துக்கு வராமல் போவது வயிற்றுக்கும் வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் தருபவைதான். மெட்டோகுளோபிரமைட், லெவோசல்பிரைடு, புரோகுளோர்பெரசின், சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளூனரிசின். அசிடிட்டிக்கான சில கேப்ஸ்யூல்களில் லெவோசல்பிரைடு இரண்டாவது மருந்தாகச் சேர்ந்திருக்கும், அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தால்தான் தெரியும். வலிப்புக்குத் தரும் வால்புரோயேட்டும் இப்படிச் செய்யலாம்.

மருந்தால் வந்தது பெரும்பாலும் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் தொடங்கும், பார்க்கின்சன் ஒரு பக்கத்தில் தொடங்கி அந்தப் பக்கமே கூடுதலாக இருக்கும். ஆனால் இது கல்லில் எழுதிய விதி இல்லை, இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. மருந்தை நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும், சிலருக்கு ஆறு மாதத்துக்கு மேலும் ஆகும். அவ்வளவு நாள் பொறுத்தும் குறையாவிட்டால், உள்ளே மறைந்திருந்த பார்க்கின்சனை அந்த மருந்து வெளியே கொண்டுவந்திருக்கிறது என்று யோசிக்க வேண்டும்.

ஒன்று மட்டும் முக்கியம். வயிற்று மாத்திரையோ மனநல மாத்திரையோ, எழுதிக்கொடுத்தவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள், மனநோய் மருந்தைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்தானது.

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. கை நடுக்கம், பேச்சுக் குழறல், கோபம் அதிகமாகிவிட்டது. பார்க்கின்சனா என்று கேட்டால், டாக்டர் கண் பரிசோதனைக்கும் 24 மணி நேர சிறுநீர் சோதனைக்கும் எழுதித் தருகிறார். நடுக்கத்துக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: உங்கள் தம்பி நல்ல மருத்துவரிடம்தான் போயிருக்கிறார். அந்தச் சோதனைகளைத் தள்ளிப்போடாமல் செய்யுங்கள்.

அவர் தேடுவது வில்சன் நோயை. உடம்பில் செம்பு வெளியேறாமல் கல்லீரலிலும் மூளையிலும் சேர்ந்துகொள்ளும் பரம்பரை நோய் அது. நடுக்கம், குழறல், குணத்தில் மாற்றம் எல்லாம் அதில் வரும். கருவிழியின் ஓரத்தில் செம்பு படிந்து பழுப்பு வளையமாகத் தெரியும், மூளையைப் பாதித்த வில்சன் நோயில் அது ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். வெறும் கண்ணால் பார்த்தால் தெரியாமல் போகலாம், கண் மருத்துவர் ஸ்லிட் லேம்ப் என்ற கருவியில் பார்க்க வேண்டும். ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் அளவும், ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீரில் செம்பின் அளவும் பார்ப்பார்கள்.

நாற்பது வயதுக்குள் யாருக்குப் பார்க்கின்சன் போன்ற அறிகுறி வந்தாலும் இதைப் பார்க்காமல் விடக் கூடாது என்பதில் எனக்குச் சமரசமே கிடையாது. காரணம் எளிது, வில்சன் நோய்க்கு மருந்து இருக்கிறது. சீக்கிரம் பிடித்துவிட்டால் பெனிசிலமின், டிரையன்டைன், துத்தநாகம் போன்ற மருந்துகளை ஆயுள் முழுக்க எடுத்துக்கொண்டு நன்றாக வாழலாம். விட்டுவிட்டால் கல்லீரலும் மூளையும் மீள முடியாதபடி கெட்டுவிடும். தம்பிக்கு வில்சன் என்று உறுதியானால் நீங்களும் சோதித்துக்கொள்ள வேண்டும், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும்.

இதே வரிசையில் இன்னொன்றும் இருக்கிறது, பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் காலில் தொடங்கி, மாலையில் அதிகமாகி, தூங்கி எழுந்தால் குறையும் ஒருவகை டிஸ்டோனியா. பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா என்ற மருந்தைக் கொஞ்சம் கொடுத்தாலே அது நன்றாகக் கட்டுப்படும். உங்கள் தம்பியின் கதை அப்படித் தெரியவில்லை, ஆனால் சின்ன வயதிலிருந்தே கால் இழுக்கிறது என்று எழுதிய இன்னொரு வாசகர் இதைப் படித்தால் டாக்டரிடம் கேட்கட்டும்.

கேள்வி: டாட் ஸ்கேன் எடுத்தால் பார்க்கின்சனா இல்லையா என்று தெரிந்துவிடும் என்கிறான் நண்பன். என் டாக்டர் தேவையில்லை என்கிறார். எடுக்கலாமா?

பதில்: உங்கள் கையில் நோய் தெளிவாகத் தெரிகிறது என்றால் டாக்டர் சொல்வது சரி. அந்த ஸ்கேன் டோபமின் நரம்பு முனைகள் குறைந்திருக்கின்றனவா என்று காட்டும். பரம்பரையாக வரும், கை நீட்டும்போதும் டம்ளர் பிடிக்கும்போதும் வருகிற சாதாரண நடுக்கத்திலும், மாத்திரையால் வந்த பார்க்கின்சனிலும் அது நார்மலாக இருக்கும், அந்தச் சந்தேகம் இருந்தால் எடுப்பதில் அர்த்தம் உண்டு. ஆனால் பார்க்கின்சனையும் அதைப்போலத் தோற்றமளிக்கும் வேறு சில கடுமையான நோய்களையும் அது பிரித்துக் காட்டாது, எல்லாவற்றிலும் குறைவாகவே தெரியும். தோலில் சின்னத் துணுக்கு எடுத்து ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் படிந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் இப்போது வந்திருக்கிறது. அதிலும் கவனம் தேவை, இளம் வயதில் மரபணுக் கோளாறால் வரும் சில வகைகளில் அந்தப் புரதப் படிவே இல்லாமலும் இருக்கும்.

கேள்வி: 34 வயது. எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், அதனால் இந்த நடுக்கம் மனதால் வருவது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவமானமாக இருக்கிறது.

பதில்: அவமானப்பட எதுவும் இல்லை. ஆனால் ‘ரிப்போர்ட் நார்மல், அதனால் மனசுதான்’ என்பது காரணமாகாது, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேலே சொன்னதுபோல உண்மையான பார்க்கின்சனிலும் வழக்கமான ரிப்போர்ட் எல்லாம் நார்மலாகத்தான் வரும்.

மூளையின் கட்டுப்பாட்டில் வரும் தடுமாற்றத்தால் நடுக்கம் உண்டாவது உண்மையான ஒரு நோய், நடிப்பு இல்லை, அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. ஆனால் அதையும் பரிசோதித்துத்தான் சொல்ல வேண்டும். மறு கையால் ஒரு தாளத்தைத் தட்டச் சொன்னால் நடுக்கம் அந்தத் தாளத்துக்கே மாறுகிறதா, கவனம் வேறு பக்கம் போனால் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். பார்க்கின்சன் நடுக்கம் நேர்மாறு, மனதுக்குள் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் அது கூடும். இப்படி எதையும் செய்து பார்க்காமல் அந்த முடிவைச் சொல்லியிருந்தால் இன்னொரு நரம்பியல் மருத்துவரின் கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை. இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வரலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: அப்பா அம்மா நெருங்கிய உறவில் திருமணம் செய்தவர்கள். எனக்கு 29 வயதில் பார்க்கின்சன். மரபணு சோதனை அவசியமா?

பதில்: உங்கள் விஷயத்தில் பயனுள்ளது என்றே நினைக்கிறேன். இவ்வளவு இளம் வயதில், அதுவும் உறவுத் திருமணத்தில் பிறந்தவர்களிடம், பார்கின் என்ற மரபணுவில் இரண்டு பிரதியும் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். 1998-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்த மரபணு அது. இந்த வகை பெரும்பாலும் மெதுவாகவே முற்றும், லெவோடோபாவுக்கு நன்றாகக் கட்டுப்படும், நினைவாற்றல் பெரும்பாலும் கெடுவதில்லை. சோதனைக்கு முன்னாலும் பின்னாலும் மரபணு ஆலோசகரிடம் பேசுங்கள். மரபணுவில் எதுவும் கிடைக்காவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

கேள்வி: லெவோடோபா சாப்பிட்டுப் பார்ப்போம், கேட்டால் பார்க்கின்சன் என்கிறார் டாக்டர். சீக்கிரம் தொடங்கினால் பின்னால் மருந்து வேலை செய்யாது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். வயது 41. ஒரு வாரம் சாப்பிட்டேன், பலன் இல்லை, நிறுத்திவிட்டேன்.

பதில்: ஒரு வாரத்தில், அதுவும் தொடக்க அளவில், எதுவும் சொல்ல முடியாது. வாந்தி வராமல் இருக்க மிகக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவது வழக்கம். தேவைப்பட்டால் நாளுக்கு 600 மில்லிகிராம் வரையிலோ அதற்கு மேலோ போய், சில வாரங்கள் பார்த்த பிறகுதான் மருந்து கேட்கவில்லை என்று சொல்ல முடியும். நன்றாகக் கேட்டால் பார்க்கின்சன் என்பதற்கு அது வலுவான ஆதாரம். போதுமான அளவு கொடுத்தும் துளியும் மாற்றமில்லை, அல்லது தொடக்கத்திலேயே அடிக்கடி விழுகிறீர்கள், எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் விழுகிறது என்றால் டாக்டர் வேறு நோய்களைத் தேடத் தொடங்குவார்.

சீக்கிரம் தொடங்கினால் மருந்து தீர்ந்துபோகும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. 2019-ல் வெளியான ஒரு ஆய்வில் 445 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனேயும் இன்னொரு குழுவுக்கு 40 வாரம் கழித்தும் லெவோடோபா கொடுத்தார்கள். ஒன்றரை வருஷ முடிவில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை, முன்னால் தொடங்கியதால் கெடுதலும் இல்லை, நோய் நிற்கவும் இல்லை. இளம் வயதினருக்கு இந்த மருந்தால் தேவையற்ற உடல் அசைவுகள் சீக்கிரம் வரலாம் என்பது உண்மைதான், அதனால்தான் அளவைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுகிறோம், சிலருக்கு பிரமிபெக்சோல் மாதிரி மருந்துகளில் தொடங்குகிறோம். அவற்றிலும் ஒரு எச்சரிக்கை உண்டு, சூதாட்டம், கண்மண் தெரியாத செலவு, கட்டுக்கடங்காத ஆசைகள் என்று குணம் மாறலாம், வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வேலை செய்ய முடியாமல், சட்டைப் பொத்தான் போட முடியாமல் கஷ்டப்பட்டுக்கொண்டு மருந்தைத் தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

டாக்டரிடம் பேசி மறுபடி தொடங்குங்கள். நாள்பட எடுத்த பிறகு திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகும், அதனால் இனி நீங்களாக நிறுத்த வேண்டாம். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் எடுங்கள், புரதம் அதிகமுள்ள சாப்பாட்டோடு போட்டால் சரியாக உடம்பில் ஏறாது. எத்தனை மணிக்கு மாத்திரை போட்டீர்கள், எத்தனை மணிக்குக் கை இலகுவானது, எத்தனை மணிக்கு மறுபடி இறுகியது என்று ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை போகும்போது அதை டாக்டரிடம் கொடுங்கள்.